லாகூர், கராச்சி, டாக்கா: பழைய உருதுப் படங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வாசகருக்குப் பாடகியும் நடிகையுமான நூர்ஜஹானைப் பற்றி நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு பாகிஸ்தானின் பழைய உருதுப் படங்களைப் பற்றிக் கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

உருதுப் படம் என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்? பம்பாய்ப் படங்களிலும் வசனம், பாட்டு எல்லாம் உருதுதானே?
– வேலூர் வாசகர்

பெருமளவு உண்மை. சாஹிர் லூதியான்வி, மஜ்ரூ சுல்தான்பூரி, கைஃபி ஆஸ்மி எல்லோரும் உருதுக் கவிஞர்கள். ஆனால் பம்பாயைப் பற்றி எழுத ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது 1947க்குப் பிறகு லாகூர், கராச்சி, டாக்கா ஆகிய மூன்று ஊர்களில் எடுத்த படங்களை. டாக்கா எங்கே வந்தது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், கீழே வருகிறது.

பாகிஸ்தானில் வெளிவந்த முதல் படம் எது? அது ஓடியதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

‘தேரி யாத்’. 1948 ஆகஸ்டில் லாகூரில் வெளியானது. கதாநாயகன் நாசிர் கான், திலீப் குமாரின் தம்பி. கதாநாயகி ஆஷா போஸ்லி. படம் ஓடவில்லை, நாசிர் கானும் பின்னர் பம்பாய்க்கே திரும்பிவிட்டார்.

ஆனால் அந்த நிலைமையில் ஒரு படத்தை எடுத்து முடித்ததே பெரிது. பிரிவினைக்கு முன் லாகூர் சினிமாவுக்குப் பேர்போன ஊர். 1942இல் வந்த ‘கான்தான்’ அங்கே எடுத்த படம்தான். நூர்ஜஹான் கதாநாயகி, பிராண் கதாநாயகன். ஆமாம், பின்னாளில் பம்பாயின் பெரிய வில்லனாக நாம் பார்த்த அதே பிராண். இசை குலாம் ஹைதர். அந்தப் படத்தைத் தயாரித்த தல்சுக் பஞ்சோலி 1947இல் ஊரை விட்டுப் போனார். அவரைப் போலவே பண முதலாளிகள், ஒளிப்பதிவாளர்கள், நடிகர்கள் என்று பலரும் போனார்கள். ஸ்டூடியோக்கள் கலவரத்தில் எரிந்தன. அதற்குப் பிறகு, கையில் மிஞ்சிய கருவிகளை வைத்துப் படமெடுக்கத் துணிந்தவர் தீவான் சர்தாரி லால். பாகிஸ்தானின் முதல் படத்துக்குப் பணம் போட்டவர், அப்போது அங்கேயே இருந்த ஓர் இந்து. இதை அவசியம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து இங்கே வந்தவர்கள் போலவே இங்கிருந்து அங்கே போனவர்களும் உண்டு. நூர்ஜஹானும் அவருடைய கணவர் இயக்குநர் ஷௌகத் ஹுசைன் ரிஸ்வியும் பம்பாயிலிருந்து போய், லாகூரில் ஷாநூர் ஸ்டூடியோவைக் கட்டியெழுப்பினார்கள்.

நூர்ஜஹான் பாடியதில் ஒரே ஒரு பாட்டைக் கேட்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
– தஞ்சாவூர் வாசகி

‘கைதி’ (1962) படத்தில் அவர் பாடிய, உருதுக் கவிஞர் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸின் நஸ்ம். இசை ரஷீத் அத்ரே. முன்பிருந்த அந்தக் காதலை என்னிடம் இனிக் கேட்காதே என்று காதலியிடம் சொல்லும் கவிதை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கஸலுக்கு மெட்டமைப்பதைவிட நஸ்முக்கு மெட்டமைப்பது கடினம். கஸலில் ஒவ்வோர் ஈரடியும் தனியாக நிற்கும். எந்த இடத்தில் நிறுத்தினாலும் கேட்பவருக்குக் குறையில்லை. நஸ்மில் ஒரே யோசனை முதலிலிருந்து முடிவுவரை ஓடும். இந்த நஸ்ம் காதலியின் அழகில் தொடங்கி, உலகத்தின் மற்ற துயரங்களுக்குத் திரும்புகிறது. சாதாரணப் பாடகி அந்தத் திருப்பத்தில் குரலை ஏற்றுவார். நூர்ஜஹான் ஏற்றவில்லை. இன்னும் காதலித்துக்கொண்டே சொல்கிற குரல் அது. அதனால்தான் வலிக்கிறது. அந்தக் கவிதையை ஃபைஸ் அவருக்கே கொடுத்துவிட்டார் என்று உருது ரசிகர்கள் சொல்வதுண்டு.

வாணியம்பாடியில் நான் வளர்ந்த தெருவில் உருது பேசும் வீடுகள் நிறைய. ராத்திரி வேளையில் யார் வீட்டு ரேடியோவிலாவது கராச்சி கிடைத்துவிட்டால், பாதித் தெரு அந்தத் திண்ணைக்கு வந்துவிடும். இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது அப்படித்தான். அர்த்தம் முழுவதும் புரியாத வயது. பெரியவர்கள் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்பது மட்டும் புரிந்தது.

அவரை நடிகையாகவும் பார்க்க வேண்டும் என்றால் ‘துபட்டா’ (1952), ‘இன்தெசார்’ (1956), ‘கோயல்’ (1959). பின் இரண்டுக்கும் இசை குவாஜா குர்ஷித் அன்வர். என் கணக்கில் அந்த நாட்டுச் சினிமா கண்ட பெரிய இசையமைப்பாளர் அவர்தான்.

டாக்காவில் உருதுப் படமா? உருதுத் திணிப்பை எதிர்த்து உயிரைக் கொடுத்த ஊர் அல்லவா அது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, இந்தப் பக்கம் முழுவதற்கும் காரணமான கேள்வி உங்களுடையதுதான்.

டாக்கா அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகர். 1952 பிப்ரவரி 21 அன்று அங்கே வங்கமொழிக்காக ஊர்வலம் போன மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மொழிப் போராட்டம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஊரில் பத்தே ஆண்டுகளில், 1962இல், ஏத்தேஷாம் என்ற இயக்குநர் ‘சந்தா’ என்ற உருதுப் படத்தை எடுத்தார். ஷப்னமும் ரஹ்மானும் நடித்தார்கள். ராபின் கோஷ் இசை. மேற்குப் பாகிஸ்தானிலும் ஓடியது. அடுத்த ஆண்டு ‘தலாஷ்’. அதற்கடுத்த ஆண்டு, 1964இல், பாகிஸ்தானின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘சங்கம்’. லாகூரோ கராச்சியோ எடுக்காத முதல் வண்ணப் படத்தை டாக்கா எடுத்தது. இயக்கியவர் ஜாஹிர் ரைஹான். 1952 போராட்டத்தில் தடையுத்தரவை மீறிக் கைதான மாணவர்களில் ஒருவர்.

இதை முரண்பாடு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் போராடியது தங்கள் மொழிக்கு உரிய இடம் கேட்டு. இன்னொரு மொழியின் கவிதையை வெறுத்து அல்ல. தொழில் காரணமும் உண்டு. டாக்காவில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 1957இல்தான் அமைந்தது. வங்கமொழிப் படம் கிழக்கில் மட்டுமே ஓடும், அங்கேயும் கல்கத்தாப் படங்களோடு போட்டி போட வேண்டும். உருதுவில் எடுத்தால் இரண்டு பகுதிகளிலும் வெளியிடலாம், போட்ட பணம் திரும்பும். ‘சங்கம்’ எடுத்த அதே ஜாஹிர் ரைஹான் 1970இல் வங்கமொழியில் ‘ஜீபோன் தேகே நேயா’ எடுத்து, ஒரு குடும்பக் கதைக்குள் சர்வாதிகாரத்தைக் கேள்வி கேட்டார். 1972 ஜனவரி 30 அன்று, காணாமல் போன தன் அண்ணன் ஷஹீதுல்லா கைசரைத் தேடிப் போனவர் திரும்பி வரவில்லை.

ஷப்னத்தின் இயற்பெயர் ஜர்னா பசாக். வங்காளி இந்துப் பெண். கணவர் ராபின் கோஷ் கிறிஸ்தவர். இவர்கள் இருவரும் இல்லாமல் உருதுச் சினிமாவின் சரித்திரத்தை எழுத முடியாது. உருதுப் படத்தை உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் எடுக்கவில்லை. நூர்ஜஹான் பஞ்சாபி, பாடகர் மெஹ்தி ஹசன் ராஜஸ்தானில் பிறந்தவர், ‘சந்தா’ குழுவினர் வங்காளிகள். அந்த மொழியில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு இருபது, இருபத்தைந்து வருடம் வாழ்ந்தார்கள். அதை மறந்துவிட்டு இந்தப் படங்களைப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

நடிகர் நதீம் ஆந்திராக்காரர் என்கிறார்களே?
– சென்னை வாசகர்

விஜயவாடாவில் பிறந்தவர், அப்போது சென்னை மாகாணம். மிர்சா நசீர் பேக் என்பது இயற்பெயர். பாடகராக வேண்டும் என்ற ஆசையில் டாக்கா போனார். ஏத்தேஷாம் அவரை ‘சகோரி’ (1967) படத்தில் கதாநாயகனாக்கினார், பின்னர் தன் மகளையும் கட்டிக்கொடுத்தார்.

‘ஜாகோ ஹுவா சவேரா’ பற்றி எங்கோ படித்தேன். எழுதுவீர்களா?
– கோவை வாசகி

எழுதாமல் இருக்க முடியாது. 1959இல் வந்த படம். டாக்காவுக்குத் தெற்கே, மேக்னா ஆற்றங்கரையில் ஷட்னோல் என்ற மீனவர் ஊர். சொந்தமாக ஒரு படகு வாங்க வேண்டும் என்ற ஆசை, கடன் கொடுக்கிறவனின் பிடி, நோய், மீன்பாடு. கதை அவ்வளவுதான். மாணிக் பந்தோபாத்யாயின் ‘பத்மா நதிர் மாஜி’ நாவலைத் தழுவித் திரைக்கதை, வசனம், பாட்டு எழுதியவர் ஃபைஸ். இயக்கம் ஏ.ஜே. கார்தார். ஒளிப்பதிவு வால்டர் லாசலி, பின்னாளில் ‘ஸோர்பா தி கிரீக்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். கல்கத்தாவிலிருந்து நாடக நடிகை திருப்தி மித்ரா வந்து நடித்தார். இசை திமிர் பரன். ஜாஹிர் ரைஹான் உதவி இயக்குநர். லாகூர்க் கவிஞர், வங்க நாவல், கல்கத்தா நடிகை, ஐரோப்பிய ஒளிப்பதிவாளர். இத்தனை பேரும் ஓர் ஆற்றங்கரையில் கூடியிருந்தார்கள்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பொறுமை. வலை இழுக்கும் கைகளைக் காட்டினால், வலை கரைக்கு வரும்வரை காட்டுகிறது. வெளிச்சம் தண்ணீரிலிருந்து முகத்துக்கு ஏறுகிறது. வசனம் குறைவு. ஃபைஸ் தன் கவிதைப் புலமையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, மீனவர் வாயில் வரக்கூடிய எளிய உருதுவை எழுதியிருக்கிறார். அதில் வங்க வாடை வீசுகிறது.

1958 அக்டோபரில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். அந்த ஆண்டு இறுதியில் ஃபைஸ் கைதானார். ஏழை மீனவர்களைக் காட்டும் படத்தை, அதுவும் இடதுசாரிகள் சேர்ந்து எடுத்ததை, புதிய ஆட்சி விரும்பவில்லை. தியேட்டரில் சில நாட்களே இருந்தது. அதே ஆண்டு முதல் மாஸ்கோ திரைப்பட விழாவில் தங்கப் பதக்கம் வாங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் படமே கண்ணில் படவில்லை. தயாரிப்பாளர் நௌமான் தசீரின் மகன் அஞ்சும் தசீர் சிதறிக் கிடந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்துச் சீரமைக்க ஏற்பாடு செய்தார். 2016இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் காட்டினார்கள். அதே ஆண்டு மும்பைத் திரைப்பட விழாவில் காட்டவிருந்து, எதிர்ப்பு வந்ததால் விலக்கிவிட்டார்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றும் உரிமை கொண்டாட வேண்டிய ஒரு படத்தை மும்பையில் காட்ட முடியாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வஹீத் முராதுக்கு ‘சாக்லெட் ஹீரோ’ என்ற பெயர் எப்படி வந்தது?
– சேலம் வாசகி

முகத்தைப் பார்த்தாலே தெரியுமே அம்மா. ஆனால் அந்தப் பெயர் அவருக்கு நியாயம் செய்யவில்லை. கராச்சிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவர், நடிக்க வருவதற்கு முன்பே தயாரிப்பாளர். ‘அர்மான்’ (1966) அவர் தயாரித்து நடித்த படம். இயக்கிய பர்வேஸ் மாலிக் அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு வந்தவர். சொஹைல் ராணா இசை, மஸ்ரூர் அன்வர் பாட்டு. எல்லோரும் இளைஞர்கள். லாகூர் தர்பார்ப் படங்களும் குடும்பக் கண்ணீர்ப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தபோது, கராச்சிக் கடற்கரை நகரத்தின் நடை, உடை, கிதார் எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். அஹ்மத் ருஷ்டி பாடிய ‘கோ கோ கொரீனா’ உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ருஷ்டி ஹைதராபாத் தக்காணத்தில் பிறந்தவர். அதே படத்தில் ‘அகேலே நா ஜானா’ இரண்டு முறை வரும், ஒன்று மாலா பாடியது, ஒன்று ருஷ்டி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

பாகிஸ்தானில் பிளாட்டினம் ஜூபிளி கண்ட முதல் படம் இது (அந்தக் கணக்கு அடுத்த பதிலில் வருகிறது). வஹீத் முராத் 1983 நவம்பரில், 45 வயதில் இறந்துபோனார். கடைசி ஆண்டுகளில் அவரைத் திரையுலகம் ஒதுக்கியது. அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

‘ஆயினா’ 400 வாரத்துக்கு மேல் ஓடியது என்கிறார்கள். நம்பும்படியா இருக்கிறது? தவிர, பாகிஸ்தான் படங்கள் எல்லாம் இந்திப் படக் காப்பிதானே?
– திருநெல்வேலி வாசகர்

ஒரே தியேட்டரில் 400 வாரம் இல்லை. பாகிஸ்தானில் ஜூபிளிக் கணக்கு வேறு மாதிரி. ஒரு நகரத்தில் படம் ஓடிய எல்லாத் தியேட்டர்களின் வாரங்களையும் கூட்டுவார்கள். 25 வந்தால் வெள்ளி, 50 பொன், 75 பிளாட்டினம், 100 வைரம். அப்படிக் கூட்டி, கராச்சியில் ‘ஆயினா’வுக்கு (1977) 400 தாண்டியது. அப்படிப் பார்த்தாலும் அங்கே வேறெந்த உருதுப் படமும் அதன் பக்கத்தில் வரவில்லை.

பணக்கார வீட்டுப் பெண், ஹோட்டலில் வேலை பார்க்கும் நடுத்தர வீட்டுப் பையன், நடுவில் புகும் மாமனார் வீட்டுப் பணம். இயக்குநர் நஸ்ருல் இஸ்லாம் டாக்காவில் தொழில் கற்றவர். நாயகி ஷப்னம். இசை ராபின் கோஷ். நாயகன் நதீம், டாக்கா அறிமுகம் செய்தவர். நாடு 1971இல் பிரிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, மேற்கில் மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய உருதுப் படத்தைக் கொடுத்தது டாக்காவிலிருந்து வந்தவர்கள். குவாஹாத்தியில் பிறந்த நய்யாரா நூர் அதில் பாடிய ‘ரூட்டே ஹோ தும்’ பாட்டைக் கேட்டால், ராபின் கோஷின் மெட்டில் வங்க ஆற்றுப் பாட்டின் இழுவை உங்களுக்கே தெரியும்.

காப்பிக்கு வருகிறேன். இருந்தன, நிறையவே இருந்தன. 1965 போருக்குப் பிறகு இந்தியப் படங்களுக்கு முழுத் தடை. மூலத்தை மக்கள் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் எடுத்தார்கள். ஆனால் வண்டி ஒரே திசையில் போகவில்லை. மிதுன் சக்கரவர்த்தி நடித்து 1985இல் பம்பாயில் சக்கைப்போடு போட்ட ‘பியார் ஜுக்தா நஹீன்’ இந்த ‘ஆயினா’வின் மறுபதிப்பு.

அரசியலைத் தைரியமாகப் பேசிய படங்கள் உண்டா?
– பத்திரிகை மாணவி, சென்னை

உண்டு. இயக்குநர் கலீல் கைசரும் எழுத்தாளர் ரியாஸ் ஷாஹிதும் சேர்ந்து ‘ஷஹீத்’ (1962), ‘ஃபரங்கி’ (1964) என்று ஏகாதிபத்திய எதிர்ப்புப் படங்களை எடுத்தார்கள். மெஹ்தி ஹசனின் புகழ்பெற்ற ‘குலோன் மே ரங்’ ‘ஃபரங்கி’யில்தான் வந்தது, ஃபைஸின் கஸல்.

அதைவிடப் பெரிய கதை ‘ஜர்கா’வுடையது. 1965 வாக்கில் ஈரான் ஷா வந்திருந்தபோது, அவர் முன் நடனமாடும்படி நடிகை நீலோவை அதிகாரத்தில் இருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். மறுத்த நீலோ மாத்திரைகளை விழுங்கி மருத்துவமனைக்குப் போனார். கவிஞர் ஹபீப் ஜாலிப் அந்தச் செய்தியைக் கேட்டு, சங்கிலி பூட்டிக்கொண்டும் நடனமாடலாம் என்று ஒரு கவிதை எழுதினார். நீலோவை மணந்த ரியாஸ் ஷாஹித், பாலஸ்தீன விடுதலைப் போராட்டத்தைக் களமாக வைத்து ‘ஜர்கா’ (1969) எடுத்து, அந்தக் கவிதையையே அதில் பாட்டாக்கினார். மெஹ்தி ஹசன் குரல். நீலோ திரையில் சங்கிலியோடு ஆடினார். எந்த ஆட்டத்துக்கு முடியாது என்று உயிரையே பணயம் வைத்தாரோ, அதைத் தன் விருப்பத்தில், தன் அர்த்தத்தில் ஆடிக் காட்டினார். நூறு வாரக் கணக்கைத் தாண்டி வைர ஜூபிளி கண்ட படம்.

இவ்வளவு நல்ல சினிமா ஏன் அழிந்தது?
– புதுச்சேரி வாசகர்

1971இல் டாக்கா போனது. சந்தை போனது, கலைஞர்களின் ஊற்றுக்கண்ணும் போனது. 1977இல் ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சிக்கு வந்தார். 1979இல் புதிய சினிமாச் சட்டம், கடுமையான தணிக்கை. அதே காலத்தில் வீடுகளுக்குள் வி.சி.ஆர். நுழைந்து, தியேட்டரில் தடை செய்த இந்திப் படங்களைக் கூடத்திலேயே காட்டியது. குடும்பங்கள் தியேட்டருக்கு வருவது குறைந்தது. 1979இல் வந்த ‘மௌலா ஜட்’ வெற்றிக்குப் பிறகு பணமெல்லாம் பஞ்சாபி அடிதடிப் படங்களுக்குப் போனது. பஞ்சாபிப் படங்கள்தான் உருதுவைக் கொன்றன என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தியேட்டர் பக்கம் வந்துகொண்டிருந்த கடைசிப் பார்வையாளர்களைத் தக்கவைத்தவை அவைதான்.

அழிவு என்றால் பொருளாகவும் அழிவுதான். பல படங்களின் நெகட்டிவ்கள் இல்லை. கராச்சியில் 1947 டிசம்பர் 25 அன்று ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா திறந்து வைத்த நிஷாத் தியேட்டரை 2012 செப்டம்பரில் ஒரு கலவரக் கூட்டம் எரித்துவிட்டது.

எனக்கு உருது தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?
– ஈரோடு வாசகி

‘அர்மான்’. கதை எளிது, பாட்டு கைபிடித்துக் கூட்டிப்போகும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பெரும்பாலும் தொலைக்காட்சியில் பதிந்தவை, இடையிடையே வெட்டு இருக்கும், தமிழிலோ ஆங்கிலத்திலோ வசன வரி கிடைப்பது அபூர்வம். பரவாயில்லை, பாருங்கள். அடுத்து ‘ஆயினா’. கண் பழகிய பிறகு ‘ஜாகோ ஹுவா சவேரா’, சீரமைத்த பிரதியில் மட்டும். அந்த ஒளிப்பதிவை மங்கிய பிரதியில் பார்க்காதீர்கள்.

இந்தியாவின் ‘உம்ராவ் ஜான்’ (1981) பார்த்திருந்தால், ஹசன் தாரிக் 1972இல் எடுத்த ‘உம்ராவ் ஜான் அதா’வையும் தேடுங்கள். ரேகாவின் உம்ராவ் உள்ளுக்குள் மூடிக்கொள்கிறவள். 1972 படத்தில் நடிகை ராணியின் உம்ராவ் அப்படி இல்லை, கடைசிப் பாட்டில் சபையில் இருக்கும் ஒவ்வொருவரையும் கண்ணுக்குக் கண் பார்த்துத்தான் ஆடுகிறாள். அந்தப் பாட்டுக்கும் குரல் நூர்ஜஹான்தான், இசை நிசார் பஸ்மி.